அகத்தித் தேமல்

அமாவாசைக்கு முந்தின நாள் திண்டிவனம் மார்க்கெட்டில் அகத்திக்கீரைக்கு வரும் கூட்டம் வேறு எந்தக் கீரைக்கும் வராது. மறுநாள் காலையில் பசுமாட்டுக்குக் கொடுப்பதற்காக ஆளுக்கொரு கட்டு வாங்கிப்போவார்கள். சவுரியம்மாள் பதினைந்து வருடமாக அந்தக் கூட்டத்தை நம்பித்தான் கூடையைத் தூக்கினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துப் பூசைக்குப் போகிறவள்தான். ஆனாலும் அமாவாசை எப்போது, துவாதசி எப்போது என்று காலண்டர் பார்க்காமலே சொல்லுவாள்.

அந்த ஐப்பசி அமாவாசைக்கு அவள் கூடை நிறையக் கொண்டுபோனாள். பாதிக்கு மேல் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். இலைகளில் பச்சைக்கு நடுவே மஞ்சள் திட்டுத் திட்டாக விழுந்திருந்தது.

"மாட்டுக்குக் குடுக்கவே மனசு வரலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறாங்க ஜெசி. பதினோரு மரத்துல ஆறு மரம் இப்படித்தான் இருக்குது. வெட்டிப் போட்டுடலாமான்னு பாக்குறேன்" என்றாள், கூடையை வாசலில் இறக்கியபடி.

மகள் ஜெசிந்தா விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் இரண்டாம் வருடம் படித்தாள். படிப்பு முடிய ஒரு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் சென்னையில் பெரிய ஆய்வகங்களில் இடம் பிடித்துவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் அமையவில்லை. கூடையிலிருந்து ஒரு இணுக்கை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நரம்போரம் பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும், யாரோ சிறு தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்ததுபோல இருந்தது.

"வெட்டாதம்மா. ஒரு வாரம் பொறு" என்றாள்.

மறுநாள் அந்த இணுக்கை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பேராசிரியை பிரபாவதியின் அறைக்குப் போனாள். பிரபாவதி செடி வைரஸ்களில்தான் முனைவர் பட்டம் வாங்கியவள். வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் வகுப்பு, விடைத்தாள், ஆய்வுக்குழு வருகை என்று போனதே தவிர, ஒரு வைரஸைக்கூட அவள் திரும்பத் தொடவில்லை. இலையை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"இரும்புச்சத்துக் குறைவா இருக்கும்மா. நம்ம பக்கத்து மண்ணு அப்படி."

"இரும்புக் குறைன்னா கொழுந்து மொத்தமா வெளுக்கும் மேம். இது திட்டுத் திட்டா இருக்குது. ஒரே வரப்புல ஆறு மரத்துக்கு இருக்குது, அஞ்சு மரத்துக்கு இல்ல. மண்ணு எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?"

பிரபாவதி இலையை மறுபடி கையில் எடுத்தாள். இந்த முறை கீழே வைக்கவில்லை.

இரண்டு பேருமாக அன்றைக்கே வேலையைத் தொடங்கினார்கள். நோய் இலையை உரலில் இட்டு அரைத்துச் சாறெடுத்தார்கள். தொட்டியில் வளர்ந்த ஆரோக்கியமான அகத்திக் கன்றுகளின் இலைமேல் உப்புத்தாளில் இருப்பது போன்ற ஒரு நுண்தூளைத் தூவி, சாற்றை விரலால் மெல்லத் தடவினார்கள். தூள் இலையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். வைரஸ் அந்த வழியாக உள்ளே போகும். கன்றுகளை வலைக்கூண்டுக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பதினெட்டாம் நாள் ஏழு கன்றுகளின் புது இலையில் அதே மஞ்சள் திட்டு வந்தது. வெறும் தண்ணீர் தடவிய கன்றுகள் பச்சையாகவே நின்றன.

பிரபாவதி வலைக்கூண்டின் வாசலில் நின்றுகொண்டு சிரித்தாள். "ஜெசிந்தா, உனக்கு ப்ராஜெக்ட் கிடைச்சிடுச்சு. எனக்கும்தான்."

அகத்தியில் தேமல் உண்டாக்கும் வைரஸ் ஒன்றை நம் நாட்டில் ஏற்கெனவே சிலர் ஆராய்ந்திருந்தார்கள். பந்து மாதிரி உருண்டையான வைரஸ். அதன் மேற்கூடு புரதத்தால் ஆனது. ஒவ்வொரு கூடும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. ஒரு தலைமுடியின் பருமனுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, அந்தக் கூட்டை உடம்பின் செல்லுக்குள் அனுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த வரப்பில் இருப்பதும் அதே இனமா, அதுவும் அப்படி வேலை செய்யுமா என்று பார்ப்பதாக ஜெசிந்தா தன் ஆய்வை எழுதிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். "மனுசன் எவ்ளோ பெரிய மிஷின் வச்சாலும் இத்துனூண்டு சைசுல, எல்லாம் ஒண்ணு போல செய்யறது கஷ்டம்மா. நம்ம அகத்தி தானா செஞ்சிக்கினு இருக்குது. அதுக்குள்ள மருந்தை வச்சி கேன்சர் கட்டிக்கு மட்டும் அனுப்பலாமான்னு உலகத்துல நிறைய பேரு பாத்துக்கினு இருக்காங்க."

சவுரியம்மாள் அடுப்பிலிருந்து திரும்பினாள். "அப்ப அது மருந்து எடுத்துக்கினு போற தூக்குச்சட்டி" என்றாள்.

"ஆமாம்மா. தூக்குதான்."

இதுவரை நல்லபடியாகத்தான் போனது. பேஜாரு பிடித்தது 'வைரஸ்' என்ற ஒற்றைச் சொல்லால். வாரம் இரண்டு தடவை ஜெசிந்தா கையுறை போட்டுக்கொண்டு, மரத்துக்கு மரம் நம்பர் எழுதிக் கட்டி, இலை பறித்துத் தெர்மக்கோல் பெட்டியில் வைப்பதை டீக்கடைக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள். என்ன என்று கேட்டவர்களிடம் அவள் மறைக்காமல் அதைச் சொன்னாள். கொரோனாவில் அவர்கள் ஊரான வேலந்தாங்கலில் நான்கு பேர் செத்திருந்தார்கள். இரண்டே நாளில், காலனியில் ஒரு பெண் வைரஸ் வளர்க்கிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சானது.

மரங்கள் நின்ற வரப்பு சீனுவாசனுடையது. அறுபது வயதுக்காரர், நான்கு ஏக்கர் நிலத்தில் உளுந்தும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலையும் போடுகிறவர். சவுரியம்மாள் அவர் நிலத்தில் வேலை செய்கிறவள் என்பதால், காலனியை ஒட்டிய வரப்பில் அகத்தி நட்டுக்கொள்ள விட்டிருந்தார். அவர் ஆள் விட்டனுப்பினார். இந்த வாரத்துக்குள் மரம் அத்தனையும் வெட்டியாக வேண்டும்.

"வெட்டிடலாம் ஜெசி. அவருகிட்ட பேச முடியாது" என்றாள் சவுரியம்மாள்.

"நான் பேசுறேன்."

சீனுவாசன் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தாவை உட்காரச் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"சார், மரத்தை வெட்டச் சொன்னீங்களாம்."

அவள் அம்மா அவரை எப்போதும் 'ஐயா' என்பாள். 'சார்' என்றதும் அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"பின்ன? போன வருசம் மஞ்ச தேமல் வந்து ரெண்டு ஏக்கரா உளுந்து போச்சு. ஒரு காய் பறிக்கல. இப்ப வரப்பு மேலயே தேமலை வளர்த்துக்கினு இருக்கியே, நாளைக்கு என் பயிரு போனா யாரு பதில் சொல்றது?"

"உளுந்துக்கு வர்ற தேமல் வேற வைரஸ் சார். அதை வெள்ளை ஈ கொண்டாந்து உடுது. இது அகத்தியில வர்றது. பேருதான் ஒண்ணு, ஆளு வேற."

"அதை நீ சொன்னா ஆச்சா?"

"நான் சொல்றதை நம்ப வேணாம் சார். நீங்களே பாருங்க. உங்க வெத உளுந்து, உங்க வெத மல்லாட்டை, ஒவ்வொண்ணுலயும் இருபது செடி. உங்க தோட்டத்திலேயே தொட்டியில வைங்க. உங்க கண்ணு முன்னாடி இந்தச் சாறைத் தடவுறேன். கூட அகத்திக் கன்னும் நாலு வைக்கிறேன். மேல கொசுவலை போட்டுடுவோம். உளுந்துலயோ மல்லாட்டையிலயோ ஒரே ஒரு செடிக்கு வந்தாக்கூட, பதினோரு மரத்தையும் நானே வெட்டறேன்."

சீனுவாசன் தோட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். விவசாயி. விதையைத் தன் கையால் போட்டுத் தன் கண்ணால் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால் மறுப்பது அவருக்குக் கஷ்டம்.

"எத்தினி நாளு?"

"முப்பது நாளு."

"சரி. அது வரைக்கும் வெட்ட வேணாம்" என்றார்.

ஊரில் இப்படி ஒரு வழி பிறந்தது. ஆனால் பேச்சு அதற்குள் திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டிருந்தது. தேமல் விழாத ஐந்து மரத்துக் கீரையையும் யாரும் தொடவில்லை. 'அந்தம்மாகிட்ட வாங்காதீங்க' என்று பக்கத்துக் கடைக்காரியே வாடிக்கையாளர் காதில் போடுவதைச் சவுரியம்மாள் பார்த்தாள். இரண்டு நாள் கூடையை அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் காலையில் தேமல் மரத்து இலையை உருவி, வெங்காயமும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்து ஒரு டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டாள். ஜெசிந்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மார்க்கெட்டில் கூட்டம் சேருகிற நேரம் பார்த்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். பக்கத்தில் அதே மரத்துத் தேமல் இலையை ஒரு கட்டு வைத்தாள்.

"எல்லாரும் பாத்துக்குங்க. இதோ இந்த இலையிலதான் வைரஸ் இருக்குது. இதைத்தான் ஆக்கிக் கொண்டாந்திருக்கிறேன்."

சோற்றோடு பிசைந்து ஒவ்வொரு வாயாக, அவசரப்படாமல் தின்றாள். கீரை வாங்க வந்தவர்கள், வெற்றிலைக் கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"செடிக்கு வர்ற வைரஸ் மனுசனைப் புடிக்காது. நீங்க வாங்கித் தின்ற வெண்டைக்காயில இருக்குது, தக்காளியில இருக்குது. இத்தினி நாளா தின்னுக்கினுதான் இருக்கிறோம். கொரோனா வேற, இது வேற. எம்பொண்ணு படிச்சிட்டுச் சொல்லுது. எனக்கு அது மேல நம்பிக்கை இருக்குது, அதான் சாப்புடுறேன்."

ஒரு வயதான அம்மாள் குனிந்து கூடையைக் கிளறினாள். நல்ல கட்டு இரண்டை எடுத்துக்கொண்டு, தேமல் கட்டைக் காட்டி, "இது இன்னா விலை?" என்றாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

சவுரியம்மாள் கையை உதறி அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "அது விக்கிறதுக்கு இல்லம்மா. அது காலேஜுக்குப் போறது."

சாயந்திரம் மார்க்கெட்டிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் ஜெசிந்தாவுக்கு இது தெரிந்தது. அவள் சமையலறைக்குள் போய் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு" என்று மட்டும் சொன்னாள் சவுரியம்மாள்.

சீனுவாசனின் தோட்டத்தில் கொசுவலைக்குள் நாற்பத்து நான்கு தொட்டிகள் இருந்தன. ஜெசிந்தா வாரத்துக்கு இரண்டு தடவை போனாள். அவரோ தினமும் இரண்டு தடவை போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலை இலையாகத் திருப்பிப் பார்த்தார். இருபதாம் நாள் அவரே போன் பண்ணினார்.

"பொண்ணு, ஜல்தியா வா. வந்துடுச்சு."

ஜெசிந்தா செருப்பைக்கூட மாட்டவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவர் வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினார். அகத்திக் கன்று நான்கில் மூன்றுக்குத் தேமல் வந்திருந்தது. உளுந்தும் மல்லாட்டையும் ஒரு புள்ளிகூட இல்லாமல் பளபளவென்று நின்றன.

"பத்து நாளு பாக்கி இருக்குது சார்" என்றாள், மூச்சு வாங்கியபடி.

"பாப்போம், பாப்போம். ஆனா உன் ஆளு அகத்தியை மட்டும்தான் தேடிப் புடிக்கிறான்" என்றார். முப்பது நாள் முடிந்ததும் அவரே டீக்கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். மரத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

மரம் பிழைத்தது. வைரஸ்தான் கைக்கு வரவில்லை. இலைச்சாற்றிலிருந்து அதைத் தனியாகப் பிரிக்க, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும் மிஷின் வேண்டும். கல்லூரியில் அது கிடையாது. புதுச்சேரியில் ஒரு ஆய்வகத்தில் ஜெகதீசன் என்ற விஞ்ஞானி பிரபாவதிக்குப் பழக்கம். அவர் வாரத்தில் ஒரு நாள் மிஷினைத் தருவதாகச் சொன்னார். ஜெசிந்தா ஐஸ் வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினாள். முதல் தடவை ஒரு கிலோ இலையிலிருந்து கிடைத்தது கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பிரபாவதியும் கூடப் போனாள். குழாயின் அடியில் லேசான ஒரு மங்கல், அவ்வளவுதான்.

அந்த வாரம் வீட்டில் ஜெசிந்தா எரிச்சலாக இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய, நன்றாக முற்றிய தேமல் இலைகள். சவுரியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த எலையையா எடுத்துக்கினு போற?"

"இதுலதாம்மா மஞ்சள் நல்லா தெரியுது."

"இது பழைய மஞ்சள்டி. எப்பவோ வந்து நின்னுபோனது. கெளையை ஒடிச்சி உட்டா புதுசா துளிர் வரும் பாரு, அதுல பன்னெண்டு பதிமூணு நாள்ல தேமல் கொப்பளிச்சிக்கினு வரும். அந்தத் துளிரைக் கையில கசக்கினா பிசுபிசுன்னு இருக்கும். வீரியம் அதுலதான் இருக்கணும். நான் இந்த மரத்தைத் தெனமும் ஒடிக்கிறவ."

ஜெசிந்தா கையிலிருந்த இலைகளைக் கீழே போட்டாள். படித்த புத்தகத்தில் 'இளம் இலை' என்று ஒரு வரி இருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. எத்தனை நாள் இளசு என்று அதில் இல்லை. அன்றைக்கே இரண்டு மரத்தில் கிளையை ஒடித்துவிட்டு நாளைக் குறித்துக்கொண்டாள்.

பதின்மூன்றாம் நாள் பறித்த துளிரோடு புதுச்சேரிக்குப் போனார்கள். மிஷின் நின்றதும் ஜெகதீசன் குழாயை வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். தெளிந்த திரவத்துக்கு நடுவே பால் கலந்தது போல ஒரு வளையம் நின்றது.

"இவ்வளவு வந்திருக்கா!" என்றார்.

"அவ்வளவும் வைரஸ்தான் சார்" என்றாள் பிரபாவதி. பன்னிரண்டு வருடம் கழித்து அவள் அப்படி ஒரு வளையத்தைப் பார்க்கிறாள்.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம் ஒரு வாரத்தில் வந்தது. சாம்பல் நிறத் திரையில் நூற்றுக்கணக்கான உருண்டைகள். அத்தனையும் ஒரே அளவு. ஜெகதீசனின் மாணவர்கள் அந்தக் கூடுகளில் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தை ஒட்டி, தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்களின்மேல் விட்டார்கள். கூடு உள்ளே போனால் செல்லுக்குள் பச்சை தெரிய வேண்டும். போகாவிட்டால் கழுவும்போது எல்லாம் வெளியேறிவிடும்.

அதைப் பார்க்கும் நாளன்று ஜெசிந்தா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். பெருநாளுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்த சவுரியம்மாள், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டாள். உள்ளே இருட்டு அறை. ஜெகதீசன் முதலில் பார்த்தார், பிறகு பிரபாவதி, பிறகு ஜெசிந்தா. சவுரியம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா ஜெசி, வரலியா?"

"நீயே பாரும்மா."

அவள் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கறுப்பு வெளியில், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சைப் புள்ளிகள் மின்னின. உள்ளே போயிருந்தது.

சவுரியம்மாள் நிமிர்ந்தாள். முன்பின் பழகாத அந்த விஞ்ஞானியைப் பார்த்து, "சார், இது எங்க அகத்தி" என்றாள்.

"ஆமாம்மா. உங்க அகத்திதான்" என்றார் ஜெகதீசன். "இதுல மருந்து வச்சி, எலிக்குக் குடுத்துப் பாத்து, அப்புறம் மனுசனுக்குன்னு போக இன்னும் ரொம்ப வருசம் ஆகும். ஆனா முதல் கதவு திறந்திருக்கு. உங்க பொண்ணு இங்கேயே பிஎச்டி சேரட்டும். அடுத்த கதவையும் அதுவே திறக்கட்டும்."

சவுரியம்மாள் மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

பட்டம் வாங்குவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. வைரஸின் மரபணு வரிசையை உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் பதிய வேண்டும். எடுத்த இடத்தின் பெயரை அதற்குச் சூட்டுவது வழக்கம். "விழுப்புரம்னு போட்டுடலாமா?" என்றாள் பிரபாவதி. ஜெசிந்தா ஒரு நாள் அவகாசம் கேட்டாள்.

விஷயம் தெரிந்து சீனுவாசனே வரப்புக்கு வந்தார். "வேலந்தாங்கல்னு போடு பொண்ணு. மரம் என் வரப்புல இருக்குது. ஊருக்கும் பெருமை" என்றார்.

காலனிக்குத் தனியாக ஒரு பெயர் உண்டு. அந்தோணியார்பேட்டை. அங்கே இருக்கும் அந்தோணியார் கோயில் கல்வெட்டிலும் அங்கே இருப்பவர்கள் வாயிலும் தவிர அது எங்கேயும் இல்லை. ரேஷன் கார்டில் 'வேலந்தாங்கல் காலனி'. பஸ் போர்டில் அதுவும் இல்லை.

"வரப்பு உங்களுதுதான் சார், இல்லன்னு சொல்லல" என்றாள் ஜெசிந்தா. "கன்னு கொண்டாந்து நட்டது எங்கம்மா. தண்ணி ஊத்தினது எங்க குழாயிலருந்து. அந்தோணியார்பேட்டைன்னுதான் போடப்போறேன்."

சீனுவாசன் மரங்களை ஒரு தரம் பார்த்தார், காலனிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"எழுத்துப் பிழை இல்லாம எழுது" என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கிப் போனார்.

அன்று மத்தியானமே பிரபாவதியின் கணினியில் ஜெசிந்தா அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். இரண்டு நாளில் பதிவு எண்ணோடு பதில் வந்தது. இனி உலகத்தில் எந்த மூலையில் யார் அந்த வைரஸை எடுத்து வேலை செய்தாலும் அந்தோணியார்பேட்டை என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வாரம் சவுரியம்மாள் மார்க்கெட்டில் கூடை காலியாகி பஸ்ஸில் திரும்பும்போது கண்டக்டர் வந்து நின்றார்.

"எங்கம்மா?"

"அந்தோணியார்பேட்டை ஒண்ணு."

"அப்படி ஒரு ஊரே கிடையாதே இந்த ரூட்ல."

"இருக்குது தம்பி" என்றாள் அவள், நிமிர்ந்து உட்கார்ந்து. "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு."